மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம்?

"இஞ்சரிந்து மெட்ராசுக்கு எவ்வளவு நேரம் மனே?"

அம்மா இதைக் கேட்டபோது நான் போனைப் பார்த்தபடியே பதில் சொன்னேன்: "ஒன்றரை மணி நேரமும் இல்லையம்மா. ஏறி இருக்க இறங்கச் சொல்லிருவாங்கள்." அவர் அதை அப்படியே நம்பினார். வழிக்கு ஒரு போத்தல் தண்ணீரும் கொஞ்சம் பிஸ்கட்டும் மட்டும் எடுத்துக்கொண்டார். சீனி வருத்தக்காரர், எழுபது வயது. அந்தப் பயணத்தில் கல்லடி வீட்டுப் படலையைச் சாத்தியதிலிருந்து சென்னையில் அறைக் கதவைத் திறக்கும் வரை ஒன்றரை நாளுக்கு மேல் போனது. என் பதிலில் இருந்த பிழையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இங்கிருந்து வைத்தியத்துக்காகச் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாரும் வயதானவர்களை என்னைப்போல அலைக்கழிக்கக் கூடாது.

முதலில் தூரம். நாங்கள் விமானம் ஏறுவது கொழும்புக்கு வடக்கே இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்தில். அங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீட்டர். மட்டக்களப்பிலிருந்து எவ்வளவு என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நாங்கள் 7.7 பாகையில் இருக்கிறோம், சென்னை விமான நிலையம் 13 பாகையில் இருக்கிறது. வடக்கே 5.3 பாகை என்றால் 590 கிலோமீட்டர் அளவு வரும். கிழக்கு மேற்காக ஒன்றரைப் பாகை, அது 165 கிலோமீட்டர். இரண்டையும் செங்கோண முக்கோணக் கணக்கில் போட்டால் 610 கிலோமீட்டர் வருகிறது. அதாவது கட்டுநாயக்காவைவிட எங்கள் ஊர்தான் சென்னைக்குக் கிட்ட. ஆனால் நாங்கள் தரையால் 300 கிலோமீட்டர் மேற்கே போய், சென்னைக்கு இன்னும் 35 கிலோமீட்டர் தூரமான ஓர் இடத்தில் நின்றுகொண்டுதான் விமானம் ஏறுகிறோம். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு உண்மையாகவே மனம் கனத்தது. திமிலைத்தீவுப் பக்கம் எங்களுக்கும் ஒரு விமான நிலையம் 1958 இலிருந்து இருக்கிறது. 1983 இல் விமானப்படையின் கைக்குப் போய், 2018 இல் பொதுமக்கள் விமானங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். ஓடுபாதை சின்னது. சென்னைக்குப் போகிற பெரிய ஜெட் அங்கே இறங்காது.

அப்புறம் நேரம். 645 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் ஐம்பது நிமிடம்கூட ஆகாது. ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி இருபது, இருபத்தைந்து நிமிடம் என்று போட்டிருக்கும். விமானம் நின்ற இடத்திலிருந்து அசையத் தொடங்கும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் நேரம் வரைக்கும்தான் டிக்கெட்டில் எழுதுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன் சென்னைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். குறுகிய பறப்பில் முழு வேகத்தில் போகிற பகுதி மிகவும் கொஞ்சம். அதனால் தூரத்தை வேகத்தால் பிரித்து நேரத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டாம்.

இதற்கு நல்ல உதாரணம் யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி. பலாலியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 355 கிலோமீட்டர் அளவுதான், கட்டுநாயக்காவிலிருந்து உள்ள தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அங்கே பறப்பது விசிறி வைத்த ஏடிஆர் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு என்பதால் பயண நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். யாழ்ப்பாணம் – சென்னைச் சேவை 2019 இல் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தபோது எங்கள் பகுதியில் பலர் "இனி அந்தப் பக்கத்தால் போகலாம்" என்றார்கள். நானும் யோசித்தேன். ஆனால் இங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற தரைவழி கட்டுநாயக்காவுக்குப் போகிறதைவிடக் கூட. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்க முடிந்தவர்களுக்கு அது நல்ல வழி. எங்களுக்கு அப்படி யாரும் இல்லை.

முதல் பயணத்துக்கு வருகிறேன். காலை ஏழே காலுக்கு விமானம். இரவு ரயிலில் போனால் அம்மா படுத்துக்கொண்டு வரலாம், விடியற்காலையில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி வாகனம் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டேன். நேர அட்டவணைப்படி அது சரியாக வந்தது. ஆனால் அதில் பிந்துவதற்கு என்று நான் வைத்திருந்த இடைவெளி முக்கால் மணி நேரம்தான்.

வெலிக்கந்தை தாண்டி, பொலன்னறுவை, மின்னேரியா, கல்லோயா என்று போகிற அந்தப் பாதை யானைக் காட்டுக்குள்ளால் போகிறது. அங்கே ரயில் மெதுவாகத்தான் போக வேண்டும், போகத்தான் வேண்டும். 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் இரவு ரயில் யானைக் கூட்டத்தில் மோதி யானைகள் இறந்ததை எல்லோரும் படங்களில் பார்த்தோம். எங்கள் பயணம் அதற்கு முந்திய வருடம். அன்று இரவு இடையிடையே நின்று நின்று, கோட்டைக்கு வர ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது. அங்கிருந்து கட்டுநாயக்கா முப்பது கிலோமீட்டருக்கு மேல். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் கவுண்டருக்குப் போனபோது விமானம் புறப்பட ஐம்பது நிமிடம் இருந்தது. வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். அங்கிருந்த பிள்ளை, "மூடியாச்சு அங்கிள்" என்றது. கெஞ்சினேன். அந்தப் பிள்ளையின் முகமும் வாடித்தான் போனது, ஆனால் அதன் கையில் ஒன்றும் இல்லை.

டிக்கெட் காசு போனது. அடுத்த நாள் காலை விமானத்தில்தான் எங்கள் வசதிக்கு இடம் கிடைத்தது. கண் டொக்டரைப் பார்க்க எடுத்திருந்த நேரமும் தவறிப்போய் நான்கு நாள் தள்ளிப் புதிய நேரம் தந்தார்கள். எல்லாவற்றையும்விட என் மனதில் நிற்பது, அந்த நாள் காலையில் அம்மா விமான நிலைய வாசல் கதிரையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததுதான். கால் இரண்டும் வீங்கியிருந்தது. "பரவாயில்ல மனே, நாளைக்குப் போவம்" என்றார். சாப்பாட்டு நேரம் தவறியதால் கை நடுங்கிக்கொண்டு இருந்தது.

அந்த ரயிலைப் பற்றி அன்று எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. மட்டக்களப்பு ரயில் கோட்டைக்குப் போகும் முன்பே வேயங்கொடை, கம்பஹா வழியாகத்தான் போகிறது. அந்த இடங்களிலிருந்து மினுவாங்கொடை வழியாகக் கட்டுநாயக்கா இருபது கிலோமீட்டர் அளவுதான். நாங்கள் விமான நிலையத்தைத் தாண்டிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறோம். உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். நிற்கும் என்றால் இறங்குகிற இடத்துக்கே வாகனம் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது தடவை தலைகீழாகக் கணக்குப் போட்டேன். விமானம் ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கி வீட்டுப் படலைக்கு வந்தேன். ஏழே காலுக்கு விமானம், ஆறே காலுக்குக் கவுண்டர் மூடும். வரிசை, சக்கர நாற்காலி எல்லாம் சேர்த்து நாலரைக்கு உள்ளே நிற்க வேண்டும். வேனில் மட்டக்களப்பிலிருந்து வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், நாரம்மல, மினுவாங்கொடை என்று போக ஏழு மணி நேரம். வழியில் தேநீர், கழிவறை என்று ஒரு மணி நேரம். அப்படியானால் இரவு எட்டரைக்கு வெளிக்கிட வேண்டும், மின்னேரியா – ஹபரணை யானைப் பாதையை நடு இரவில் கடக்க வேண்டும், சாரதியும் நித்திரை இல்லாமல் ஓட்ட வேண்டும். அது வேண்டாம் என்று முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கே வெளிக்கிட்டோம். பொழுது சாய முதல் தம்புள்ளையைத் தாண்டி, எட்டு மணிக்கு நீர்கொழும்பில் ஒரு சின்ன விடுதியில் போய்ப் படுத்தோம். அறைக்குக் கொடுத்த காசு, முதல் தடவை வீணாய்ப் போன டிக்கெட்டில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. அம்மா சோறு சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஆறு மணி நேரம் நித்திரை கொண்டார்.

அம்பாறை, மகாஓயாப் பக்கத்தவர்கள் மகியங்கனை – கண்டி வழியால் போகலாமா என்று கேட்பதுண்டு. வரைபடத்தில் அது குறுக்காகத் தெரியும். ஆனால் மகியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவு ஏறி, கண்டி நெரிசலையும் கடக்க வேண்டும். வயதானவர்கள் சத்தி எடுப்பார்கள். நேரமும் பெரிதாக மிச்சமாகாது.

சென்னையில் இறங்கியதும் பயணம் முடிந்துவிடுவதில்லை. விசா வரிசையில் கைரேகை, படம் என்று எங்களுக்கு முக்கால் மணி நேரம் போனது. சக்கர நாற்காலி கேட்டிருந்தால் வரிசை சுருக்கமாக முடியும், ஆனால் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும். வெளியே மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கே வருகிறது. பெட்டி குறைவு, நோயாளி நடப்பார் என்றால் காலை நெரிசலில் டாக்சியைவிட அது நிச்சயமான நேரம். எங்களுக்கு டாக்சிதான் சரிப்பட்டது. அறைக்குப் போனபோது பதினொரு மணி. கல்லடியிலிருந்து கணக்கிட்டால் இருபத்து மூன்று மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஆனால் அம்மா களைக்கவில்லை, சாப்பாடு தவறவில்லை, அடுத்த நாள் காலை டொக்டருக்கு முன்னால் தெம்பாக உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி வந்தது. விழித்திரையில் சத்திரசிகிச்சை வேண்டும் என்று சொன்ன டொக்டர், "எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள், விமானத்திலா?" என்று கேட்டார். பத்தாம் நாள் திரும்ப டிக்கெட் இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சில விழித்திரைச் சிகிச்சைகளில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைப்பார்கள். அந்த வாயு கரைந்து போகும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. விமானம் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கிற காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதுபோல இருக்காது. 1,800 இலிருந்து 2,400 மீட்டர் வரை உயரமான மலையில் நிற்பதுபோல இருக்கும். எங்களுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், நுவரெலியாவிலிருந்து பிதுருதலாகலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருப்பது மாதிரி. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கண்ணுக்குள் அது விரிந்தால் பார்வையே போகலாம். ஒன்றரை மணி நேரப் பறப்பு, பதினொரு மணி நேரப் பறப்பு என்ற வித்தியாசம் இதற்குக் கிடையாது. வாயுவின் வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வாயுதான் வைத்தார்கள். நாங்கள் கிட்டத்தட்ட ஒரு மாதம் சென்னையில் தங்கினோம். திரும்பும் டிக்கெட்டில் திகதியை மாற்றக் கட்டணம் கட்டினேன். கண் வைத்தியத்துக்குப் போகிறவர்கள், அதிலும் விழித்திரைக்குப் போகிறவர்கள், திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டையே எடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பே டொக்டரிடம் "நாங்கள் விமானத்தில் திரும்ப வேண்டும்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எங்கள் டொக்டர் கேட்டார். எல்லோரும் கேட்பார்கள் என்று இருந்துவிட முடியாது.

இன்னும் இரண்டு விஷயம், திகதியும் மணிக்கூடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தான். 14 ஆம் திகதி 00.40 என்று இருந்தது. 14 ஆம் திகதி பகல் வீட்டில் சோறு கொடுத்து, பின்னேரம் வேனில் ஏற ஆயத்தமானார்கள். அந்த விமானம் முதல் நாள் நள்ளிரவு கழிந்து நாற்பதாவது நிமிடமே போய்விட்டது. 13 ஆம் திகதி பகலே வெளிக்கிட்டிருக்க வேண்டும். வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின்தான் புறப்படும். 00, 01, 02 என்று தொடங்குகிற நேரத்தைக் கண்டால், கலண்டரில் அதற்கு முந்திய நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

மணிக்கூட்டுக் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. 1996 இல் இலங்கை நேரத்தை முன்னே தள்ளி, 2006 இல் திரும்பப் பழையபடி வைத்தார்கள். அந்தப் பத்து வருடமும் எங்கள் வீட்டில் "பழைய நேரமா, புதிய நேரமா" என்ற கேள்வி இருந்தது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சென்னைக்கும் எங்களுக்கும் ஒரே நேரம் என்பதால் குழப்பம் இல்லை. தோகா எங்களைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால்.

லண்டனில் இருக்கிற என் தம்பியிடம் போகிற கணக்கு வேறு. கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் சுமார் 8,700 கிலோமீட்டர். இதற்கு மேலே சொன்ன பாகைக் கணக்குச் சரிவராது. பூமி உருண்டை என்பதால் தூரம் கூடும்போது தட்டை வரைபடம் ஏமாற்றும், பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால்தான் உண்மையான வழி தெரியும். நேரடி விமானம் போகும்போது பதினொரு மணி நேரம் எடுத்தால், வரும்போது அரை மணி நேரம் போலக் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிற பலமான காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்த்து நிற்கும். தோகாவில் மாறிப் போனால் 3,600 உம் 5,200 உம் சேர்த்து 8,800. தூரம் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் அது வழியிலேயே இருக்கிறது. கூடுவது காத்திருக்கும் நேரம்தான். மாறிப் போகிறவர்கள் இரண்டு பறப்பையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. மலிவு என்று தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

அம்மாவின் அடுத்த பரிசோதனை மார்கழிக் கடைசியில். எங்கள் பக்கம் அது மழைக் காலம். மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் பாதையில் தண்ணீர் ஏறிவிடும், சில வேளை ரயிலும் ஓடாது. அதனால் இந்த முறை இரண்டு நாள் முந்தியே நீர்கொழும்புக்குப் போவதாக இருக்கிறோம். சாரதியிடம் சொல்லியாயிற்று. அம்மா இப்போதே ஒரு பையில் மாத்திரைகளையும் டொக்டரின் துண்டையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பை பெட்டிக்குள் போகாது, கையில்தான் வரும். இடியப்பமும் சம்பலும் கட்டித் தருவதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறாள்.